ஏழாவது தூண்

பாலம் திறந்து மூன்று மழை ஆயிற்று.
நான் இன்னும் படகில்தான் போகிறேன்.

படகுக்காரன் சிட்வாலாவே
பாலத்தின் மேல் வேர்க்கடலை விற்கப் போய்விட்டான்.
துடுப்பை என் கையில் கொடுத்து
"உனக்குக் கிறுக்கு" என்றான்.
வாடகை வேண்டாம் என்றும் சொன்னான்.

சாம்பியாவின் மேற்கில்
வெள்ளம் வந்தால் வானம் எது தரை எது என்று
கொக்குக்கே குழம்பும் சமவெளி.
அதில் பதினொரு தூண்கள்.
நான் பார்ப்பது ஒன்றைத்தான்.

என் வேலை உடைப்பது.
ஒவ்வொரு தூணுக்கும் ஊற்றிய கலவையிலிருந்து
ஒரு சாண்கூட வராத கட்டிகள் நான்கு.
தேதி எழுதித் தொட்டித் தண்ணீரில் போடுவேன்.
இருபத்தெட்டாம் நாள் எடுத்துத் துடைத்து
இயந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே வைப்பேன்.
முள் ஏறும்.
ஏறும்.
பிறகு ஒரு சத்தம்,
காய்ந்த ரொட்டி முறிவதுபோல.
முள் நின்ற இடம் தூணின் ஜாதகம்.

ஏழாவது தூணுக்கு முப்பது வேண்டும்.
முதல் கட்டி இருபத்திரண்டு.
இரண்டாவது இருபத்தொன்று.
மூன்றாவதை வைக்கும்முன்
பகடையை ஊதுவதுபோல ஊதினேன்.
இருபத்திரண்டு.

காரணம் எனக்குத் தெரியும்.
கலவை ஊற்றிய வாரம் சிமென்ட் லாரி இரண்டு நாள் சேற்றில் கிடந்தது.
கலவை குழாயில் ஓடவில்லை என்று
யாரோ தண்ணீரை ஊற்றினார்கள்.
யாரோ என்றால் யாரும் இல்லை.

பொறியாளர் முபியானா மிரட்டவில்லை.
மிரட்டியிருந்தால் எனக்குச் சௌகரியம்.
தேநீர் ஊற்றினார், சர்க்கரை எத்தனை என்று கேட்டார்.
"இடிக்கலாம், நலிஷெபோ. சட்டப்படி இடிக்கத்தான் வேண்டும்.
இருபது நாளில் வெள்ளம். அப்புறம் மாதக்கணக்கில் தண்ணீர்.
அதற்குள் கடன் கொடுத்தவர்கள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள்.
பாதியில் நின்ற ஆஸ்பத்திரியைப் பார்த்தாய்தானே,
வௌவால்கள் மட்டும்தான் உள்நோயாளிகள்."
படிவத்தையும் பேனாவையும் வைத்துவிட்டு
வெளியே போய் யாரிடமோ
செருப்பு விலை பேசிக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்று புள்ளி இரண்டு என்று எழுதினேன்.
அந்தப் புள்ளி இரண்டு என் சொந்தச் சரக்கு.
முழு எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

அமைச்சர் வந்தார். நாடா, கத்தரிக்கோல், மேளம்.
கல்வெட்டில் எல்லார் பெயரும் இருந்தது.
என் பெயர் இல்லை. அதற்கு நன்றி.

அடுத்த மார்ச், வெள்ளம், நடுராத்திரி.
என் தங்கை நமாகாவ் ஆம்புலன்சில் போனாள்.
வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தது.
முன்பெல்லாம் அப்படிப் போனவர்கள்
படகிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.
நான் கரையில் நின்றேன்.
சிவப்பு விளக்கு ஏழாவது தூணைக் கடக்க
நான்கு நொடி.
நான்கையும் நான்தான் பெற்றேன்.

இப்போது அவள் மகள் நடக்கிறாள்,
என் செருப்பை மாட்டிக்கொண்டு.

மாட்டு லாரிகள் போகின்றன, மீன் லாரிகள்,
பலகையில் எழுதிய பாரத்தைப்போல
இரண்டு மடங்கு மரம் ஏற்றிய லாரிகள்.
அடியில் படகை நிறுத்தித்
தூணில் உள்ளங்கையை வைக்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
நடுங்குகிறது.
எட்டாவதிலும் வைத்துப் பார்த்தேன்.
அதுவும் நடுங்குகிறது.

நான்காவது கட்டியை உடைக்கவில்லை.
அது உபரி, கணக்கில் வராது.
முதுகில் ஏழு என்று எழுதி
என் வீட்டு வாளிக்குள் கிடக்கிறது.

கான்கிரீட் வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும்,
கொஞ்சம் கொஞ்சமாய், யாரிடமும் சொல்லாமல்.
இருபத்திரண்டு இருபத்தாறு ஆகியிருக்கலாம்.
முப்பதேகூட ஆகியிருக்கலாம்.
ஆய்வகச் சாவி இன்னும் என்னிடம்தான்.
இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறுதோறும்
வாளித் தண்ணீரை மாற்றுகிறேன்.